சிஸ்டர் கேட்ட ‘அதான்’

என்னை இதுவரை ஏழு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து தூக்கியிருக்கிறார்கள். அதில் ஒன்று என் சொந்தக் குடும்பக் குழு. தூக்கியது என் மனைவி. பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அண்ணாமலை நகரில் ஹாஸ்டல்களுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டுரைகளை இருபது வருஷமாக டைப் அடித்து, பிழை திருத்தி, பைண்டிங் போட்டுக் கொடுத்ததில், எழுத்து என்றால் நான்தான் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. கூடவே கோபமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? பத்தி பத்தியாகக் கொட்டும். ஆச்சரியக்குறி போட ஆரம்பித்தால் விரல் நிற்காது.

அப்படிப்பட்ட என்னை ஒரே ஒருவர்தான் தூக்கவில்லை. அவரை நாங்கள் எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிட்டோம். கன்னியாஸ்திரீ என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, பேரன் எடுத்தவர். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், கடைசிப் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தது சிதம்பரத்தில். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவார். மூன்றாவது வரிசை ஜன்னல் சீட்டு அவருடையது என்று கண்டக்டருக்கே தெரியும். அந்த பஸ்ஸில் கூட வருகிறவர்கள், ‘வண்டி எங்க வருது, கூட்டமா’ என்று கேட்டுக்கொள்வதற்காக ஒரு குழு தொடங்கினார்கள். அது பெருத்துப் பெருத்து, கடலூர் சிதம்பரம் சாலையில் போய்வருகிற முந்நூறு பேரின் குழுவாகிவிட்டது. பேராசிரியர்கள், ஆட்டோக்காரர்கள், பூக்கார அம்மா, பெயர் போடாமல் ரோஜாப்பூ படம் மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் படிக்கிற ஒரு கவுன்சிலர் என்று சகலரும் இருந்தார்கள். சிஸ்டர்தான் அட்மின்.

பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் பஸ்ஸோடு நிற்பார்களா? ஷேர் ஆட்டோ எங்கே நிற்கலாம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் போகவேண்டும், பிச்சாவரத்தில் படகு சவாரிக்கு வருகிற பெண்களுக்குக் கழிப்பறை எங்கே கட்டலாம் என்று எல்லாம் அங்கே வரும். வேறு குழுவாக இருந்தால் மூன்றாவது மெசேஜில் கட்சி வந்துவிடும், ஐந்தாவதில் சாதி வந்துவிடும், ஏழாவதில் நான் வந்துவிடுவேன். இங்கே அது நடக்கவில்லை. காரணம் சிஸ்டரின் ஒரு சட்டம்.

ஒருவர் சொன்னதை நீங்கள் மறுக்கவேண்டுமா? தாராளமாக மறுக்கலாம். ஆனால் முதலில் அவர் என்ன சொன்னார் என்று உங்கள் வார்த்தையில் நீங்கள் எழுதவேண்டும். அதைப் படித்துவிட்டு அவர் ‘அதான்’ என்று பதில் போடவேண்டும். அந்த ‘அதான்’ வந்த பிறகுதான் நீங்கள் வாயைத் திறக்கலாம். வராவிட்டால் மறுபடி எழுதவேண்டும். அவ்வளவுதான் சட்டம். கேட்பதற்கு எவ்வளவு சாதுவாக இருக்கிறது! செய்து பாருங்கள், உயிர் போய்விடும்.

தேரடிப் பக்கம் ஷேர் ஆட்டோ நிற்பதைப் பற்றி ஒருமுறை ஒரு பேராசிரியருக்கும் ஓர் ஆட்டோக்காரருக்கும் வாக்குவாதம். ஆட்டோக்காரர் எழுதியது ஒரே வரி: “நெழல்ல நிறுத்துனா ஆளு ஏறுது சார்.” பேராசிரியர் அதைத் திருப்பிச் சொல்கிறேன் என்று இரண்டு பத்தி எழுதினார். நகரமயமாதல் எல்லாம் வந்தது. ஆட்டோக்காரர் ரொம்ப நேரம் கழித்து, “எனக்கே புரியல சார். ஆனா அதான்னு நெனக்கிறேன்” என்றார். சிஸ்டர் உடனே குறுக்கே வந்தார்: “நெனக்கிறேன் செல்லாது. புரியறாப்ல எழுதுங்க சார்.” பேராசிரியர் பாவம், நான்கு முறை எழுதினார். நான்காவது முறை, “வெயிலில் நிறுத்தினால் யாரும் ஏறமாட்டார்கள் என்கிறார்” என்று போட்டார். “அதான் சார்!” என்றார் ஆட்டோக்காரர். அதற்கு மேல் சண்டை எங்கே போடுவது? மறுவாரம் அதே பேராசிரியர், நிழல் இருக்கிற இன்னோர் இடத்தைப் படம் எடுத்துப் போட்டார்.

சிஸ்டருக்கு ‘எல்லாம்’, ‘எப்பவும்’ என்ற இரண்டு வார்த்தைகள் ஆகாது. “எல்லா பஸ்ஸும் லேட்டு” என்று யாராவது போட்டால் அடுத்த நிமிஷம் கேள்வி வரும்: “எந்த பஸ்ஸு? என்னிக்கு? நம்பர் இருக்கா?” அதிகாரிகளைத் திட்டி எழுதினால் திட்டை அழிக்கமாட்டார். “சரி, அவரு என்ன செய்யணுங்கற, அதயும் கீழ எழுது” என்பார். ஒரு கையில் ஜெபமாலை, ஒரு கையில் போன். கடைக்குப் பேப்பர் வாங்கக் கடலூர் போகும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்; மணியை உருட்டிக்கொண்டே மெசேஜையும் தள்ளிக்கொண்டு வருவார். எதை எதற்காக உருட்டுகிறார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

அதிகம் கொதிக்கிறவர்களுக்கு ‘பெட் ரெஸ்ட்’ உண்டு. தூக்கமாட்டார், போன் போடுவார். எனக்கு வந்த போன்கள் எத்தனையோ.

“தம்பி, சாப்டாச்சா?”

“அத விடுங்க சிஸ்டர், அந்தாளு எழுதியிருக்கறதப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன். தண்ணி குடிச்சியா? ஒரு மணி நேரம் பெட் ரெஸ்ட். போனக் கல்லாப்பொட்டியில வை.”

பின்னால் குக்கர் விசில் அடிக்கும். விசிலை எண்ணிக்கொண்டே பேசுகிற குரல் அது, கோபப்படக்கூட வராது. கொடுமை என்னவென்றால், சில சமயம் குழுவிலேயே முந்நூறு பேருக்கு முன்னால், “தம்பி, தண்ணி குடிச்சியா?” என்று போட்டுவிடுவார். உடனே எல்லோருக்கும் புரிந்துவிடும், எனக்கு ஏறிவிட்டது என்று. பூக்கார அம்மா சிரிக்கிற பொம்மை போடும். எனக்கு மானம் போகும்.

ஒரு நாள் பொறுக்கமுடியாமல் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன். “ஏன் சிஸ்டர் இப்படி ‘அதான்’ ‘அதான்’னு எங்க உயிர வாங்கறீங்க?”

சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தார். “வாங்கறதா? நான் உயிரக் காப்பாத்துன வார்த்த தம்பி அது” என்றார். “வார்டுல இருக்கறப்ப டாக்டரு போன்ல மருந்து சொல்வாரு. நான் எழுதிக்கிட்டுத் திருப்பி வாசிப்பேன். அவரு ‘அதான் சிஸ்டர்’ங்கற வரைக்கும் ஊசியத் தொட மாட்டேன். ஒருநாளு நல்ல மழ. லைன் கரகரங்குது. டாக்டரு ஃபிஃப்டீன்னாரு, எனக்கு ஃபிஃப்டின்னு விழுந்துச்சு. திருப்பி வாசிச்சேன் பாரு, அங்கேர்ந்து ‘ஐயோ’ன்னு ஒரு கத்து கத்துனாரு! கட்டில்ல கெடந்தது மூணு வயசுப் புள்ள. அதுக்கு இப்ப கடலூர் ஓல்டு டவுன்ல ஐஸ்கிரீம் கட. என்னப் பார்த்தா ஒரு கரண்டி ஜாஸ்தி வைக்குது.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “கேட்டது வேற, சொன்னது வேறயா இருந்தா, அதுக்கு மேல நீ எவ்ளோ நல்ல மருந்து குடுத்தாலும் வெஷம்தான்” என்றார்.

இனி என் கதைக்கு வருகிறேன். அண்ணாமலை நகரிலேயே கடை வைத்துக்கொண்டு, பெண்ணைக் கடலூருக்குப் படிக்க அனுப்புகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவளுக்கு சீட் கிடைத்தது அங்கே. காலை பஸ் வழியில் உள்ள ஊருக்கெல்லாம் நுழைந்து வெளியே வந்து கடலூர் போய்ச் சேர்வதற்குள், முதல் பீரியட் பாதி முடிந்துவிடும். அதற்கு முந்தின பஸ்ஸில் படியில் தொங்கத்தான் இடம் இருக்கும். வருகைப் பதிவு குறைந்துகொண்டே வந்தது. இன்னும் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று கல்லூரியிலிருந்து எனக்குக் கடிதமே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான், காலை பஸ்களில் சிலவற்றை ஊருக்குள் விடாமல் நாலு வழிச்சாலையிலேயே நேராக விடலாமா என்று போக்குவரத்துக் கழகத்தார் இணையத்தில் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். பத்து நாள் கெடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. குழுவின் சார்பில் ஒரே கருத்தாக, உடனே விடுங்கள் என்று எழுதி அனுப்புவோம் என்று போட்டேன். எதிர்ப்பு வந்தது. யாரிடமிருந்து? பஸ் உள்ளே நுழைந்து வருகிற ஊர்களில் ஒன்றான முட்லூரில், நிறுத்தத்திலேயே டீக்கடை வைத்திருக்கிற என் மச்சானிடமிருந்து. என் மனைவியின் தம்பி. என் பெண்ணுக்குத் தாய்மாமன்.

‘மாமா சொல்றத ஏத்துக்க முடியாது’ என்று அவன் மெசேஜ் தொடங்கியது. அவ்வளவு போதாதா எனக்கு? “டீ விற்கவேண்டும் என்பதற்காக ஊரே உன் கடை வாசலில் நின்று போகவேண்டுமா!!!!” என்று அடித்துவிட்டேன். அவன், “உன் பொண்ணு ஒருத்தி சீக்கிரம் போவணும்னு நாங்க எல்லாம் சாவணுமா?” என்று திருப்பிப் போட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என்னை ‘நீ’ என்று சொல்லிவிட்டான். நான் போனைத் தூக்கி அடிக்கப் போய், விலை ஞாபகம் வந்து பேப்பர் கட்டை அடித்தேன்.

சிஸ்டர் வந்தார். “ரெண்டு பேரும் நிறுத்துங்க. தம்பி, மச்சான் என்ன சொல்றாருன்னு மொதல்ல நீ எழுது. அப்புறம் அவரு எழுதட்டும்.”

நான் எழுதவில்லை. நாலு நாள் எழுதவில்லை. என் ரோசம் என்ன ஆவது? வீட்டில் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். சாம்பாரில் உப்பும் நின்றுவிட்டது. ஐந்தாம் நாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்: “பாப்பாவ மடியில வச்சிக் காது குத்துனவன். அவன் கல்லாவுக்காகப் பேசறான்னு ஊரு முன்னாடி எழுதிட்டீங்களே.” கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று மத்தியானம் சிஸ்டர் போன். சாப்பாட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கேட்கவில்லை.

“தம்பி, அஞ்சு நாளு போச்சு. பொண்ணு அட்டெண்டன்ஸுக்காகக் கேக்கறியா, ஒன் ரோசத்துக்காகக் கேக்கறியா? ரெண்டு கருத்தா கிழிஞ்சி போனா எவனும் படிக்க மாட்டான்.”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். ‘மச்சான் சொல்வது: பஸ் உள்ளே வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும்.’ பதில் வந்தது: “இல்ல.” மறுபடி எழுதினேன். ‘மச்சான் சொல்வது: முட்லூர்க்காரர்களுக்கும் பஸ் வேண்டும்.’ பதில்: “பாதி.” முந்நூறு பேரும் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோஜாப்பூ கவுன்சிலர்கூட முதல்முறையாகக் கட்டைவிரல் காட்டினார். இருபது வருஷமாக ஊரார் கருத்தையெல்லாம் டைப் அடித்தவனுக்கு, சொந்த மச்சான் கருத்து ஒரு வரி வரவில்லை. அவமானமாக இருந்தது.

“எழுதிப் பாக்காத தம்பி. போய்க் கேளு” என்றார் சிஸ்டர்.

மறுநாள் காலை பெண்ணோடு அதே பஸ்ஸில் ஏறி முட்லூரில் இறங்கினேன். அவள் ஜன்னல் வழியாக, “அப்பா, சண்ட போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். மச்சான் என்னைப் பார்த்தான். வா என்று சொல்லவில்லை. ஆனால் டீ வந்தது. எனக்கு மட்டும் போடுகிற மாதிரி, சர்க்கரை ஜாஸ்தி. கோபத்திலும் அதை மறக்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“வாங்க மாமா, ஒண்ணு காட்டறேன்” என்று கடையை அப்படியே விட்டுவிட்டு நடந்தான். ‘ங்க’ திரும்பி வந்துவிட்டது.

நாலு வழிச்சாலை ஓரத்துக்குப் போனோம். நேராகப் போகிற வண்டிகள் இரண்டு ஏற்கெனவே அங்கேதான் நிற்கின்றன, ஊருக்கு எதிர்ப்பக்கம். ஒரு நிறைமாசக்காரி, கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றிருந்தாள். லாரி போகிறது, கார் போகிறது, மறுபடி லாரி. காலை எடுத்து வைப்பாள், பின்னால் வருவாள். மச்சான் ஓடிப்போய்க் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி, அவள் கையைப் பிடித்து அந்தாண்டை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான்.

“தெனம் நான் கடைய விட்டுட்டு வர முடியுமா மாமா? பஸ்ஸு வெரசாப் போவக்கூடாதுன்னா சொன்னேன்? நாலு வழியிலயே போவட்டும். இங்க மட்டும் சர்வீஸ் ரோட்ல எறங்கி, அதோ தெரியுதே, அந்தப் பாலத்துக்குக் கீழ நின்னு ஏத்திக்கிட்டுப் போவட்டும், யாரும் ரோட்டத் தாண்ட வேணாம். ரெண்டு நிமிஷம் ஆவும். மொத மெசேஜ்லயே போட்டேனே, படிக்கலியா?”

போனை எடுத்துப் பார்த்தேன். அவன் மெசேஜ் இருந்தது. நாலு வரிக்குக் கீழே நீல எழுத்தில் ‘மேலும் படிக்க’ என்று இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. பத்தி பத்தியாக எழுதி எல்லோரையும் படிக்கவைக்கிற மகானுபாவன், மச்சான் எழுதியதில் நாலு வரிக்கு மேல் படிக்கவில்லை! தொட்டேன். பாலமும் இருந்தது, சர்வீஸ் ரோடும் இருந்தது, ‘பாப்பா காலேஜுக்கும் லேட்டாவாது’ என்பதும் இருந்தது.

அங்கேயே நின்று எழுதினேன்: ‘மச்சான் சொல்வது: பஸ் வேகமாகப் போகட்டும், ஆனால் ஒருத்தரையும் நாலு வழிச்சாலையைத் தாண்ட வைக்காதீர்கள்.’

பக்கத்தில் நின்றுகொண்டே போனில் போட்டான்: “அதான்.”

குழுவில் கைதட்டல் பொம்மைகள் கொட்டின. சிஸ்டர் மட்டும் விடவில்லை. “இப்ப மச்சான் முறை. மாமா என்ன சொல்றாருன்னு எழுதுங்க.”

அவன் கடைக்கு ஆள் வந்துவிட்டது, அப்புறம் எழுதுகிறேன் என்றான். நான் அண்ணாமலை நகருக்குத் திரும்பி, கடையில் ஒரு மாணவிக்கு நகல் எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் வந்தது. அவனுக்கு டைப் அடிப்பது சிரமம். இவ்வளவு எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

“மாமா சொல்றது. பாப்பாவுக்கு மொத பீரியடு போயிக்கிட்டே இருக்கு. இன்னும் போச்சுன்னா பரீட்ச எழுத முடியாது. மாமா காலேஜ் ரெண்டாவது வருசம் படிக்கறப்ப அவுங்க அப்பா தவறிட்டாரு. படிப்ப விட்டுட்டாரு. ஊரு புள்ளைங்க புஸ்தகத்துக்கெல்லாம் பைண்டிங் போடறாரு. பாப்பா பேரு போட்டு ஒண்ணு போடணும்னு ஆச. அது நின்னு போயிடுமோன்னு பயம். அதுக்குத்தான் கத்தறாரு.”

இதில் பாதியை நான் எங்கேயும் எழுதியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை. எழுத்து மங்கியது. மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. “அண்ணா, அண்ணா, நாலு காப்பி போதும், நாப்பது போயிருச்சு!” என்று அந்தப் பெண் கத்தினாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தினேன்.

“தம்பி?” என்று சிஸ்டர் போட்டார்.

‘அதான்’ என்று எழுதினேன். ஒரே ஒரு வார்த்தை. ஆச்சரியக்குறி கூட இல்லை.

குழுவின் கருத்தை நானும் மச்சானும் சேர்ந்து எழுதினோம். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால் முந்நூறு பேரும் ஒரே மாதிரி அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் காலையில் இரண்டு பஸ்கள் நாலு வழியில் நேராக ஓட ஆரம்பித்தன. பாலத்துக்குக் கீழே நிறுத்தம் என்று பலகையும் வைத்தார்கள். கூரை கேட்டோம், அது இன்னும் வரவில்லை. என் பெண் பரீட்சை எழுதினாள்.

அடுத்த வருஷம் சிஸ்டருக்குக் கண் பார்வை குறைந்தது. மகன் திருச்சிக்கு அழைத்துக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பூசை முடிந்து வந்து போட்டார்: “இன்னியோட நான் குரூப்ப விட்டுப் போறேன். மாமாவும் மச்சானும் அட்மின்.”

குழு அல்லோலகல்லோலப்பட்டது. போகக்கூடாது என்று ஆளாளுக்கு எழுதினார்கள். நான் ஆறு பத்தி எழுதினேன். எல்லாவற்றையும் மகனைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அப்புறம் குரலில் பதில் வந்தது.

“நான் போவக்கூடாதுங்கறீங்க. அதானே?”

“அதான்! அதான்! அதான்!” என்று இருநூறு மெசேஜ்.

“சரி. நான் என்னா சொல்றேன்னு இப்ப யாராவது சொல்லுங்க.”

நான் முந்திக்கொண்டேன். ‘சிஸ்டருக்குக் கண் தெரியவில்லை, அதனால் போகிறார்.’ “இல்ல” என்று வந்தது. ‘எங்கள் சண்டையைத் தீர்த்துத் தீர்த்து அலுத்துப்போய்விட்டது.’ “இல்ல தம்பி.” எனக்கு விளங்கவில்லை. பிறகு முட்லூரிலிருந்து மச்சான் மெதுவாக டைப் அடித்தான்: “நீங்க இல்லன்னாலும் நாங்க ஒருத்தர ஒருத்தர் கேப்போம்னு சிஸ்டர் நம்பறாங்க.”

கடைசியாக அந்தக் குரல் வந்தது. பின்னால் குக்கர் விசில்.

“அதான்.”

அதற்குக் கீழே அவர் வெளியேறினார் என்று ஒரு சாம்பல் நிற வரி. கல்லாப்பெட்டியைத் திறந்து போனை உள்ளே வைத்தேன்.

மறுநாள் காலை புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதினார்: “எல்லா பஸ்ஸும் லேட்டு, எல்லாரும் திருட்டுப் பசங்க.” எனக்கு சுர்ரென்று ஏறியது. இரண்டு பத்தி அடித்தேன். அடித்ததையெல்லாம் அழித்தேன். ‘எந்த பஸ்ஸுங்க? நம்பர் இருக்கா?’ என்று மட்டும் அனுப்பினேன்.

அரை நிமிஷம் ஆகியிருக்காது. முந்நூறு பேருக்கு முன்னால் மச்சான் போட்டான்: “மாமா, தண்ணி குடிச்சீங்களா?”